பிரித்தானியாவில் ‘பிஆர்’: யார் நிரந்தரமாகத் தங்கலாம், எதற்கு இவ்வளவு சண்டை?

பிரித்தானியாவின் குடியேற்ற விவாதம் என்றாலே தொலைக்காட்சியில் முதலில் வருவது ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் ரப்பர் படகுகள்தான். அந்தக் காட்சி பொய்யில்லை. 2022-இல் மட்டும் 45,000-க்கும் மேற்பட்டோர் அப்படி வந்து கரையேறினார்கள். ஆனால் அதே காலத்தில் விசா எடுத்து, கட்டணம் கட்டி, விமானத்தில் வந்து இறங்கியவர்கள் பல லட்சம் பேர். நாட்டுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்தால் கிடைப்பது நிகரக் குடியேற்றம். 2023-ஐ ஒட்டி அது ஒரே ஆண்டில் 9 லட்சத்தைத் தாண்டியது. அதில் படகில் வந்தவர்களின் பங்கு மிகச் சிறியது. செவிலியர்கள், முதியோர் இல்லப் பராமரிப்பாளர்கள், மாணவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர், உக்ரைனிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்தவர்கள் என்று மற்றவர்கள்தான் பெரும்பகுதி.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான் 2025 முதல் அங்கே நடக்கும் சண்டை புரியும். யாரை உள்ளே விடுவது என்பது பழைய சண்டை. இப்போதையது வேறு: ஏற்கெனவே சட்டப்படி உள்ளே வந்து, வேலை பார்த்து, வரி கட்டி வாழ்பவர் எப்போது ‘இனி நான் இங்கேயே இருக்கலாம்’ என்று நிம்மதியாகச் சொல்ல முடியும்? ஐந்து ஆண்டிலா, பத்து ஆண்டிலா, பதினைந்திலா, அல்லது எப்போதுமே இல்லையா?

மூன்று படிகள்

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். வெளிநாட்டவர் ஒருவர் பிரித்தானியாவில் மூன்று படிகளில் ஏதோ ஒன்றில் நிற்கிறார்.

முதல் படி, காலக்கெடு உள்ள விசா. வேலை விசா, குடும்ப விசா, மாணவர் விசா எல்லாம் இதில் அடங்கும். வேலை விசா என்றால் ஒரு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். அந்த வேலை போனால், பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். இந்தப் படியில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அரசின் உதவித்தொகை எதுவும் கிடையாது. ‘வந்ததும் அரசு பணம் கொடுக்கிறது, வீடு கொடுக்கிறது’ என்று பரவலாகச் சொல்லப்படுவது வேலை விசாவில் வந்தவர்களைப் பொறுத்தவரை சரியில்லை. அதோடு அவர்கள் வரிக்கு மேலே சுகாதார சர்சார்ஜ் என்று ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு தனியாகக் கட்டுகிறார்கள். சுகாதார, பராமரிப்பு விசாவில் வருபவர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு.

இரண்டாம் படிதான் நம் ஆட்கள் ‘பிஆர்’ என்று சொல்வது. அதன் சட்டப் பெயர் ஐ.எல்.ஆர்., அதாவது காலவரையற்றுத் தங்கும் அனுமதி. இது கிடைத்துவிட்டால் ஸ்பான்சர் தேவையில்லை, விசா புதுப்பிக்கத் தேவையில்லை, எந்த வேலையும் செய்யலாம், தேவைப்பட்டால் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இது அசைக்க முடியாத உரிமை என்று நினைத்துவிடக் கூடாது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் போய்விடும். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், சில விலக்குகள் தவிர, நாடு கடத்தும் நடவடிக்கை தானாகவே தொடங்கும்.

மூன்றாம் படி குடியுரிமை. பிஆர் கிடைத்து பொதுவாக ஓராண்டு கழித்து விண்ணப்பிக்கலாம். பிரித்தானியக் குடிமகனை மணந்தவர் அந்த ஓராண்டும் காத்திருக்க வேண்டாம்.

2025 வரை பெரும்பாலான வேலை விசாக்காரர்களுக்கு முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஐந்து ஆண்டு. அந்த ஐந்து ஆண்டில் எந்த 12 மாதத்தை எடுத்துக்கொண்டாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. ஆங்கிலம் தெரிய வேண்டும். ‘லைஃப் இன் தி யூகே’ என்ற தேர்வில் 24 கேள்விகளில் 18-க்காவது சரியான விடை எழுத வேண்டும். அப்புறம் கட்டணம். 2025 ஏப்ரலில் அது ஆளுக்கு 3,029 பவுண்டு ஆனது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 12,116 பவுண்டு. பிள்ளைகளுக்குச் சலுகை கிடையாது. பல வீடுகளில் இதற்காகவே மாதாமாதம் பணம் எடுத்து வைக்கிறார்கள்.

படிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: மாணவர் விசாவில் இருக்கும் காலமும், படித்து முடித்தபின் வேலை பார்க்கக் கிடைக்கும் பி.எஸ்.டபிள்யூ விசாக் காலமும் இந்த ஐந்தாண்டுக் கணக்கில் சேராது. ஒரு வருட மாஸ்டர்ஸ், இரண்டு வருட பி.எஸ்.டபிள்யூ, அதன் பிறகு வேலை விசா கிடைத்து ஐந்து வருடம் என்றால் மொத்தம் எட்டு ஆண்டு. ஏஜென்ட்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

உரிமை எப்படிச் சுருங்கியது

1948-இல் நிலைமை தலைகீழ். அந்த ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி காலனி நாடுகளில் பிறந்தவர்களும் பிரித்தானியாவில் பிறந்தவர்களும் ஒரே குடியுரிமையில் இருந்தார்கள். சுதந்திரம் பெற்றிருந்த இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டினரும் விசா இல்லாமல் போய்க் குடியேறலாம். போரில் நொறுங்கிய நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. 1948 ஜூன் 22 அன்று ‘எம்பயர் வின்ட்ரஷ்’ கப்பலில் வந்த கரீபியத் தீவு மக்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். அந்தத் தலைமுறைக்கே பின்னர் வின்ட்ரஷ் தலைமுறை என்று பெயர் வந்தது.

கதவு படிப்படியாகச் சாத்தப்பட்டது. 1962 சட்டம் காமன்வெல்த் மக்களுக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. 1968-இல் கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வரத் தொடங்கியதும், அவசரமாக இன்னொரு சட்டம். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரித்தானியாவில் பிறந்திருந்தால்தான் தடையில்லாமல் நுழையலாம் என்றது. எழுத்தில் நிறம் இல்லை. ஆனால் அந்த நிபந்தனையை யார் நிறைவேற்ற முடியும், யாரால் முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு நாடு தன் கடவுச்சீட்டை வைத்திருப்பவர்களையே வாசலில் நிறுத்திய அந்தச் சட்டத்தை இன்று படித்தாலும் எனக்கு மனம் கசக்கிறது.

1971-இல் வந்து 1973 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம்தான் இன்றைய முறையின் அடித்தளம். காலவரையற்ற அனுமதி என்ற வகை அதிலிருந்து வருகிறது. அன்றைக்கு ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு அந்த அனுமதி தானாகவே கிடைத்தது. ஆனால் அதற்குச் சான்றாக ஒரு தாளும் தரப்படவில்லை. நாற்பது ஆண்டு கழித்து இதுதான் ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கையைக் குலைத்தது.

எப்படி என்றால், 2012-இல் அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்களுக்கு நாட்டை வாழ முடியாத இடமாக்கும் கொள்கையை அறிவித்தார். 2014, 2016 சட்டங்கள் அதைச் செயலாக்கின. வேலை கொடுப்பவர், வீடு வாடகைக்கு விடுபவர், வங்கி, மருத்துவமனை என்று எல்லோரும் தாளைக் காட்டு என்று கேட்கத் தொடங்கினார்கள். சிறு வயதில் பெற்றோரோடு வந்து ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்களிடம் காட்ட எதுவும் இல்லை. அவர்கள் வந்து இறங்கியதைக் காட்டியிருக்கக்கூடிய பதிவுச் சீட்டுகளை உள்துறையே 2010-இல் அழித்திருந்தது. வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் காவலில் வைக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018-இல் செய்தி வெடித்து உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

தமிழர்களுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1987 பிப்ரவரியில் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழர்களை ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்ப முயன்றபோது, விமானம் ஏற மறுத்து அவர்கள் உடைகளைக் களைந்து நின்றார்கள். அந்தப் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. சில வாரங்களிலேயே, சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வரும் நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம் விதிக்கும் சட்டத்தை அரசு கொண்டுவந்தது. இன்று விமான நிலைய கவுண்டரில் நம் விசாவை நிறுவன ஊழியர் அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பதற்கு இப்படிப்பட்ட சட்டங்கள்தான் காரணம்.

2025-இல் என்ன மாறியது

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறினால் குடியேற்றம் நம் கட்டுப்பாட்டுக்கு வரும் என்று 2016 வாக்கெடுப்பில் மக்களுக்குச் சொல்லப்பட்டது. நடந்தது வேறு. ஐரோப்பியர்கள் வருவது குறைந்தது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருவது பெருகியது. இங்கிலாந்தின் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புத் துறையில் 1,60,000-க்கும் மேற்பட்ட இடங்கள் காலியாக இருந்ததால், 2022 பிப்ரவரியில் அரசே பராமரிப்பு ஊழியர்களுக்கு விசாவைத் திறந்துவிட்டது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ‘கேர் விசா’வில் பலர் போனது அப்போதுதான். ஏஜென்ட்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துப் போய், சொன்ன வேலையே இல்லாமல் தவித்தவர்களும் உண்டு. ஸ்பான்சர் உரிமத்தை இழந்த பராமரிப்பு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானவை. 2024 மார்ச்சில் பராமரிப்பு ஊழியர்கள் குடும்பத்தை அழைத்து வருவது தடுக்கப்பட்டது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு ஊழியர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டது.

எண்ணிக்கையும் விழுந்தது. 2025 ஜூனோடு முடிந்த ஆண்டுக்கு முதலில் வெளியான மதிப்பீடு சுமார் 2,04,000. ஆனாலும் விவாதம் தணியவில்லை. 2022, 2023-இல் வந்தவர்கள் ஐந்தாண்டு முடித்து 2027, 2028-இல் பிஆர் கேட்கத் தொடங்குவார்கள் என்பதுதான் இப்போது அரசியல்வாதிகளின் கவலை. 2026 முதல் 2030 வரை 16 லட்சம் பேர் நிரந்தர அனுமதி பெறக்கூடும் என்று அரசின் மதிப்பீடு சொன்னது.

முதலில் 2025 பிப்ரவரியில் கன்சர்வேட்டிவ் கட்சி ஐந்தைப் பத்தாக்க வேண்டும் என்றது. மே மாதம் தொழிற்கட்சி அரசே அதே யோசனையை வெள்ளை அறிக்கையில் வைத்தது. செப்டம்பரில் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்சிக்கு வந்தால் பிஆர் என்பதையே ஒழிப்போம், ஏற்கெனவே வாங்கியவர்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்றது. பிரதமர் ஸ்டார்மர் அதை இனவெறிக் கொள்கை என்றே சொன்னார். நவம்பர் 20 அன்று அவருடைய உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் தன் விரிவான திட்டத்தை வைத்தார். நிரந்தரமாகத் தங்குவது காலம் ஓடினால் தானாகக் கிடைப்பதல்ல, உழைத்துப் பெற வேண்டியது என்பது அவர் வாதம்.

அந்தத் திட்டத்தின் சாரம் இது. பெரும்பாலோருக்கு அடிப்படை பத்து ஆண்டு. அங்கிருந்து கூட்டலும் கழித்தலும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு 1,25,140 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கியவருக்கு ஏழு ஆண்டு கழியும். மூன்றே ஆண்டில் பிஆர். 50,270 பவுண்டுக்கு மேல் என்றால் ஐந்து ஆண்டு கழியும். மருத்துவர், செவிலியர் போன்ற பொதுச்சேவைப் பணியாளர்களுக்கும் ஐந்து. பட்டப்படிப்புத் தகுதி கேட்காத வேலைகளில் இருப்பவர்களுக்கு, பராமரிப்பு ஊழியர்கள் உட்பட, 15 ஆண்டு. ஓராண்டுக்கு மேல் அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால் 20. சட்டவிரோதமாக நுழைந்தவர்களுக்கு 30 வரை போகலாம். பிரித்தானியக் குடிமக்களின் கணவன் மனைவிக்கும், ஹாங்காங் சிறப்பு விசாவில் வந்தவர்களுக்கும் பழைய ஐந்தே தொடரும். குறைந்தபட்ச வருமானம் ஈட்டித் தேசியக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. கணவரின் விசாவில் வந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண்களை இது நேராகத் தாக்கும். இதெல்லாம் கருத்துக்கேட்புக்கு வைத்த வடிவம். விண்ணப்பிக்கும் முன் அரசின் இணையதளத்தில் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரு தரப்பும் சொல்வது

கடுமை வேண்டும் என்பவர்கள் எல்லோரையும் வெறுப்பாளர்கள் என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. வாடகை ஏறுகிறது, மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் ஒரு நகர அளவு மக்கள்தொகை ஒவ்வோர் ஆண்டும் கூடினால் எப்படி என்று கேட்பது நியாயமான கேள்வி. குறைந்த சம்பளத்தில் இருப்பவர் பிஆர் பெற்றபின் வீட்டு உதவியும் உதவித்தொகையும் கேட்கலாம், வயதானபின் அரசுக்குச் செலவு கூடும் என்பது அவர்கள் கணக்கு. அதைவிட முக்கியமானது நம்பிக்கை. எண்ணிக்கையைக் குறைப்போம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொன்ன கட்சிகள் குறைக்கவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம் உண்மையானது.

எதிர்த்தரப்பின் பதிலும் வலுவானது. வீட்டுப் பற்றாக்குறைக்குக் காரணம் பல பத்தாண்டுகளாகப் போதிய வீடு கட்டாதது. மருத்துவமனைகள் நடப்பதே வெளிநாட்டு ஊழியர்களால். குறைந்த சம்பளம் என்றால் அவர்கள் உழைப்பு குறைந்தது என்று பொருளல்ல. முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவெல்லாம் விழித்திருக்கும் வேலைக்கு அந்த நாடு கொடுக்கும் விலை அவ்வளவுதான். வங்கியாளருக்கு மூன்று ஆண்டு, பராமரிப்பாளருக்குப் பதினைந்து என்ற அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை. பதினைந்து ஆண்டு ஸ்பான்சரை நம்பி இருப்பவர், சம்பளத்தைப் பிடித்தாலும் கூடுதல் நேரம் வேலை வாங்கினாலும் எதிர்த்துப் பேச அஞ்சுவார். சுரண்டலைத் தடுப்பதாகச் சொல்லும் அரசே சுரண்டலுக்கு வசதி செய்து தருவதுதான் இதன் விளைவு.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, புதிய விதி யாருக்குப் பொருந்தும் என்பது. இனி வருபவர்களுக்கு இருபது ஆண்டு என்று ஒரு நாடு தீர்மானித்தால் அது அந்த மக்களின் உரிமை. பிடிக்காதவர் வேறு நாடு பார்க்கலாம். ஆனால் மஹ்மூதின் திட்டம், ஏற்கெனவே அங்கே வாழ்ந்து இன்னும் பிஆர் வாங்காதவர்களுக்கும் பொருந்தும் என்றது. நான்கு ஆண்டு முடித்து, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கக் காத்திருந்தவருக்கு திடீரென்று இன்னும் ஆறு ஆண்டு, அல்லது பதினொன்று. அவர் ஊரில் வேலையை விட்டு, நகையை அடகு வைத்து, பிள்ளையைப் பள்ளி மாற்றி வந்ததெல்லாம் ஐந்து ஆண்டு என்ற விதியை நம்பித்தான்.

இது முதல் முறையும் அல்ல. 2006-இல் அரசு பிஆருக்கான காத்திருப்பை நான்கு ஆண்டிலிருந்து ஐந்தாக்கியது. அதிகத் திறனாளர்களுக்கான ஹெச்.எஸ்.எம்.பி. திட்டத்தின் விதிகளையும் நடுவில் மாற்றியது. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே வந்தவர்கள் பழைய விதிப்படியே நடத்தப்பட வேண்டும் என்று 2008-இலும் 2009-இலும் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வந்து குடியேறுங்கள் என்று அழைத்த அரசு வாக்கு மாறக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஆனால் அதே 2009-இல் இன்னொரு வழக்கில், முடிவெடுக்கும் நாளில் இருக்கும் விதியே செல்லும் என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொல்லியிருக்கிறது. ஆகவே நீதிமன்றம் காப்பாற்றிவிடும் என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

‘இவ்வளவு பயம் எதற்கு, குடியுரிமையே வாங்கிவிட வேண்டியதுதானே’ என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியர்களுக்கு அது அவ்வளவு எளிதல்ல. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டு வாங்கினால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைதான் வாங்கலாம், அதில் ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அதனால் பிஆரோடு நின்றுவிடும் இந்தியக் குடும்பங்கள் உண்டு. ரிஃபார்ம் கட்சி ஒழிக்க நினைப்பது அவர்கள் நிற்கும் அந்தப் படியைத்தான். இலங்கை அரசிடம் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெறலாம் என்பதால் ஈழத் தமிழர்களில் பலருக்கு இந்தச் சிக்கல் குறைவு. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், செல்லுபடியாகும் விசாவில் அங்கே குடியிருக்கும் 18 வயது நிறைந்த இந்திய, இலங்கைக் குடிமக்கள் பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பிஆர்கூடத் தேவையில்லை. பதிவு செய்துகொள்ளுங்கள், உங்களைப் பற்றி நடக்கும் வாதத்தில் உங்களுக்கும் ஒரு குரல் இருக்கிறது.

கடைசியாகப் பிள்ளைகள். 1983 வரை பிரித்தானிய மண்ணில் பிறந்த குழந்தை அநேகமாகப் பிரித்தானியக் குடிமகன்தான். அதன் பிறகு, பிறக்கும் நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ பிஆர் வைத்திருப்பவராகவோ இருந்தால்தான் அந்த உரிமை. ஆக, பெற்றோர் காத்திருக்கும் காலம் நீளும்போது, அங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் வளரும் குழந்தைகளும் கூடுவார்கள். இப்படிப் பிறந்த குழந்தை பத்து வயது வரை அங்கேயே வளர்ந்தால், பெற்றோரின் நிலை எதுவானாலும், குடிமகனாகப் பதிவு செய்துகொள்ளச் சட்டத்தில் உரிமை உண்டு. அதற்கும் கணிசமான கட்டணம் என்பதால் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிந்தவரை தள்ளிப் போடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணமா, அதைவிடப் பல மடங்கான வெளிநாட்டுக் கட்டணமா என்பதைப் பெரும்பாலும் இந்த நிலைதான் முடிவு செய்கிறது. பதினைந்தாண்டு விதி அப்படியே வந்தால், அம்மா ஸ்பான்சர் கடிதத்துக்காக இன்னும் காத்திருக்க, அவள் பெற்ற பிள்ளை அதே வீட்டில் பிரித்தானியக் குடிமகனாக உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பான்.